ஒரே குடும்பப் பெயரில் ஓர் ஊர்: அமெரிக்காவில் அது எப்படி வந்தது?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது. அலபாமா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் பெண்கள் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைகளைப் பற்றி ஒரு காணொளி பார்த்தீர்கள். அதில் பேசிய பெண்களில் பெரும்பாலோர் பெயருக்குப் பின்னால் 'பெட்வே' என்று போட்டிருந்தது. எல்லோரும் ஒரே குடும்பமா, அமெரிக்காவில் இப்படி வேறு ஊர்களும் உண்டா, சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டதால் வந்ததா என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: பெயர் ஒன்றாக இருந்தால் ரத்தமும் ஒன்றா? சில ஊர்களில் ஆம், சில ஊர்களில் இல்லை. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஊர் எந்த வகை என்று சொல்ல முடியாது. அந்தப் பெயரை முதன்முதலில் யார், எந்தக் காகிதத்தில், எதற்காக எழுதினார்கள் என்று தேடிப் பார்க்க வேண்டும்.

நான் மரபியல் ஆலோசகராக வேலை பார்ப்பவன். கர்ப்பிணிகளிடமும் குழந்தை வேண்டி வருபவர்களிடமும் மூன்று தலைமுறைக் குடும்பக் கதையைக் கேட்டு, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு என்று படம் போடுவது அன்றாட வேலை. கணவன், மனைவி இருவருக்கும் பிறந்த வீட்டுப் பெயர் ஒன்றாக இருந்தால் கேள்வியை இன்னும் ஒரு தலைமுறை பின்னால் கொண்டுபோவேன். ஆகவே மரபியல் பக்கம் கொஞ்சம் தைரியமாகப் பேசலாம். வரலாற்றுப் பக்கம் நான் ஆர்வமுள்ள வாசகன் மட்டுமே. காகித ஆதாரம் இருப்பதையும் வழிவழியாகச் சொல்லப்படும் கதையையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் பெட்வே. ஊரின் பெயர் ஜீஸ் பெண்ட். வில்காக்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்றது) அலபாமா ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், மூன்று பக்கமும் தண்ணீர், ஒரு பக்கம் மட்டும் தரைவழி. 1816-இல் வட கரோலினாவிலிருந்து வந்த ஜோசஃப் ஜீ என்ற வெள்ளைக்காரர் அங்கே பருத்தித் தோட்டம் போட்டார். 1845-இல் ஜீ குடும்பத்தார் அந்தத் தோட்டத்தை 29,000 டாலர் கடனுக்கு ஈடாகத் தங்கள் உறவினர் மார்க் பெட்வேக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு பெட்வே தன் குடும்பத்தோடு சுமார் நூறு அடிமைகளையும் வட கரோலினாவிலிருந்து கொண்டுவந்தார். எஜமானர் குடும்பம் வண்டியில் வந்தது. அடிமைகளில் சமையல் செய்த ஒருவரைத் தவிர மற்ற அத்தனை பேரும் மாநிலங்கள் தாண்டி நடந்தே வந்தார்கள் என்று ஊரார் இன்றும் சொல்கிறார்கள். அங்கே ஜீ காலத்திலேயே இருந்த அடிமைகள் வேறு. இவர்கள் எல்லோரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இல்லை. ஒருவர் பேரேட்டில் சொத்தாக எழுதப்பட்டவர்கள்.

அந்தப் பேரேடு எப்படி இருந்தது என்று பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். 1850, 1860 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கென்று தனித் தாள் போட்டார்கள். இடப்பக்கம் உடைமையாளரின் பெயர். அவர் பெயருக்கு நேரே, கீழே கீழே, வயது, ஆணா பெண்ணா, நிறம். 35, ஆண், கருப்பு. 8, பெண், கலப்பு. இப்படியே பக்கம் பக்கமாகப் போகும். மிகச் சில இடங்களைத் தவிர அடிமையின் பெயருக்கு அதில் இடமே கிடையாது. 1865-இல் விடுதலை. அதற்குப் பிறகு வந்த 1870 கணக்கெடுப்பில்தான் அந்த மக்கள் முதன்முறையாக முன்பெயர், பின்பெயர் இரண்டோடும் எழுதப்பட்டார்கள். கருப்பின அமெரிக்கர்கள் தங்கள் முன்னோரைத் தேடும்போது பெரும்பாலும் 1870-இல் வந்து முட்டி நிற்பது இதனால்தான். அந்த ஆண்டில் ஜீஸ் பெண்டில் இருந்தவர்களில் பலருக்கு விழுந்த பெயர் பெட்வே.

இதில் ஒரு எச்சரிக்கை. விடுதலையான எல்லோரும் கடைசி எஜமானர் பெயரையே எடுத்துக்கொண்டார்கள் என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. பலர் தங்களுக்குள் ஏற்கெனவே ஒரு குடும்பப் பெயரை வைத்துப் புழங்கிவந்தார்கள், எஜமானருக்குத் தெரியாமலேயே. சிலர் அதற்கு முந்தைய எஜமானரின் பெயரை எடுத்தார்கள், ஏனென்றால் அந்தத் தோட்டத்தில்தான் அப்பா, அம்மா இருந்தார்கள். அதே பெயர் இருந்தால் தேடிக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு நம்பிக்கை. சிலர் பிடித்த பெயரை வைத்துக்கொண்டார்கள். 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 'வாஷிங்டன்' என்ற குடும்பப் பெயர் உள்ளவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் கருப்பினத்தவர். அத்தனை பேரும் முதல் ஜனாதிபதியின் தோட்டத்தில் இருந்தவர்களின் வம்சம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆக, எஜமானர் பெயர் ஒட்டிக்கொண்டது என்பது ஜீஸ் பெண்டுக்குப் பொருந்தும். அதைத் தென் மாநிலம் முழுவதற்குமான விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெயர் ஒட்டியது சரி, கலைந்துபோகாமல் ஏன் இத்தனை காலம் நின்றது? தென் மாநிலங்களின் மற்ற பருத்திக் கிராமங்களிலிருந்து லட்சக்கணக்கானோர் சிகாகோ, டெட்ராய்ட் என்று கிளம்பிப் போனார்கள். இங்கே அப்படி ஆகாததற்கு நிலம் ஒரு பெரிய காரணம். 1932-இல் இவர்களுக்குக் கடன் கொடுத்து வந்த வியாபாரி இறந்துபோக, அவருடைய மனைவி கடனை வசூலிக்க ஆட்களை அனுப்பினார். கலப்பை, மாடு, கோழி, சேர்த்துவைத்த சோளம் எல்லாம் போயிற்று. செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவில் அந்தக் குளிர்காலத்தைக் கடத்தினார்கள். அதன் பிறகு ரூஸ்வெல்ட் அரசின் மறுகுடியேற்றத் திட்டம் வந்தது. அரசு பழைய தோட்டத்தை வாங்கி, வீடுகள் கட்டிக்கொடுத்து, 1940-களில் குத்தகைக்காரர்களுக்கே நீண்ட காலத் தவணையில் விற்றது. 1937-இல் அந்தத் திட்டத்துக்காக ஆர்தர் ராத்ஸ்டீன் எடுத்த புகைப்படங்களில் சுவர் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டிய மரக்குடிசைகளைப் பார்க்கலாம். குளிர்காற்று பலகை இடுக்கில் நுழையாமல் இருக்கத்தான் அந்தத் தாள். தைத்த போர்வைகளும் அதே குளிருக்குத்தான். கிழிந்த வேலைச் சட்டை, முழங்கால் நைந்த கால்சட்டை இவற்றை வெட்டித் தைத்தவை 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் ஏறின. 2006-இல் தபால்தலையும் ஆயின.

சொந்த நிலம் கிடைத்தவன் ஊரை விட்டுப் போகமாட்டான். அதோடு, வெளியார் உள்ளே வரவும் வழியில்லை. 1962-இல் ஆற்றைக் கடக்கும் படகுச் சேவை நின்றுபோனது. அந்தக் கவுண்டியில் கருப்பினத்தவர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க அக்கரையில் உள்ள கேம்டன் நகரத்துக்குத்தான் போக வேண்டும். படகை நிறுத்தியதற்கு அதுதான் காரணம் என்று ஊரார் உறுதியாக நம்புகிறார்கள். காலத்தைப் பார்த்தால் அந்தச் சந்தேகத்தை ஒதுக்கிவிட முடியாது. பத்து நிமிடத்தில் கடக்கக்கூடிய ஆற்றுக்குச் சுமார் 40 மைல் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. படகு திரும்ப வந்தது 2006-இல். அதற்கெல்லாம் முன்பே, 1949-இல், அரசு ஊரின் பெயரையே ஒரு வெள்ளைக்கார மக்களவை உறுப்பினரின் பெயரால் 'பாய்கின்' என்று மாற்றியது. வரைபடத்தில் அப்படித்தான் இருக்கும், ஊரார் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். இப்படி ஆறு, நிலம், படகு மூன்றும் சேர்ந்து ஒரு பெயரை ஒரே இடத்தில் கட்டிப்போட்டன. ஐந்தாறு தலைமுறை அடுத்தடுத்த வீடுகளில் கொண்டான் கொடுத்தான் உறவு வைத்த பிறகு அவர்கள் ஒருவருக்கொருவர் பல வழிகளில் உறவுதான். ஆனால் அந்த உறவுக்கு பெட்வே என்ற சொல் சாட்சி ஆகாது. பெட்வே ஒருவர் பெட்வே ஒருவரைக் கட்டினால் ஒருவேளை தூரத்துச் சொந்தமும் இருக்காது. வேறு பெயருள்ள பக்கத்து வீட்டுக்காரர் அம்மா வழியில் நெருங்கிய உறவாக இருப்பார்.

இதற்கு நேர் எதிரான ஊர் ஒன்று சொல்கிறேன். வர்ஜீனியா மாநிலத்தில், செசபீக் விரிகுடா நடுவில் டாஞ்சியர் என்று ஒரு தீவு. நண்டு பிடிப்பதுதான் பிழைப்பு. 2020 கணக்கெடுப்பில் 436 பேர். கடல் ஆண்டுதோறும் கரையைத் தின்றுகொண்டிருக்கிறது. வீட்டு முற்றங்களிலேயே கல்லறைகள் இருக்கும். அவற்றைப் படித்துக்கொண்டே நடந்தால் கிராக்கெட், ப்ரூயிட், பார்க்ஸ், டைஸ் என்று இந்தப் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். 1686-இல் ஜான் கிராக்கெட் என்பவர் எட்டு மகன்களோடு வந்து குடியேறினார் என்பது தீவின் கதை. அதற்கு ஆவணம் கிடையாது. நிலப் பத்திரங்களில் கிராக்கெட் குடும்பம் தலைகாட்டுவது சுமார் நூறு ஆண்டு கழித்து, 1770-களில். ஆண்டில்தான் சந்தேகம்; ஒரு சில குடும்பங்களின் மகன்வழி வாரிசுகளே தீவை நிரப்பினார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. இங்கே பெயரும் ரத்தமும் ஒன்றாகவே வந்தன. இதே விரிகுடாவில், மேரிலாண்டுக்குச் சேர்ந்த ஸ்மித் தீவிலும் எவன்ஸ், டைலர், பிராட்ஷா என்று இதே கதை.

ஆரம்பத்தில் பல பெயர்கள் இருந்தாலும் காலப்போக்கில் நாலைந்துதான் மிஞ்சும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். குடும்பப் பெயர் மகன் வழியில் மட்டும் போகிறது. ஒருவருக்கு நான்கும் பெண்ணாகப் பிறந்தால் அந்த வீட்டில் பெயர் அங்கேயே முடிந்தது, பேரன் பேத்தி இருபது பேர் இருந்தாலும். இங்கிலாந்தின் பெரிய குடும்பப் பெயர்கள் ஏன் மறைந்துபோகின்றன என்று ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கில அறிஞர் 1873-இல் கேள்வி எழுப்பினார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் கணக்குப் போட்டு, இருவரும் 1874-இல் விடையை வெளியிட்டார்கள். வெளியிலிருந்து புதுப் பெயர் வராத இடத்தில், யாரும் எந்தத் தப்பும் செய்யாமலேயே, வெறும் தற்செயலால் பெயர்கள் ஒவ்வொன்றாக அணைந்துபோகும். தப்பிய ஒன்றிரண்டு பெருகும். ஆகவே 'ஒரே பெயர் என்றால் நெருங்கிய சொந்தத்தில் கட்டியிருப்பார்கள்' என்ற முடிவுக்கு அவசரப்பட வேண்டாம். சின்ன இடம், மூடிய வாசல், நீண்ட காலம். இந்த மூன்றே போதும்.

பெயரை வைத்து ரத்த உறவை அளக்க முடியுமா என்று மரபியலாளர்களே முயன்றிருக்கிறார்கள். நம்மவர்களுக்கு அது எளிதில் புரியும் என்பதால் விளக்குகிறேன். 1875-இல் ஜார்ஜ் டார்வின், ஒரே குடும்பப் பெயர் உள்ள இருவருக்குள் எத்தனை கல்யாணம் நடக்கிறது என்று எண்ணி, இங்கிலாந்தில் ஒன்றுவிட்ட சொந்தத்தில் எத்தனை பேர் கட்டுகிறார்கள் என்று கணக்கிட்டார். 1965-இல் ஜேம்ஸ் குரோ, ஆர்தர் மேஞ்ச் இருவரும் அதை ஒரு சூத்திரமாக்கி, ஹட்டரைட் என்ற மதக் குழுவினரிடம் பயன்படுத்திப் பார்த்தார்கள். தெற்கு டகோட்டாவில் 1870-களில் குடியேறி, பொதுவுடைமைப் பண்ணைகளில் வாழும் அந்த மக்களிடம் ஹோஃபர், வால்ட்னர், விப்ஃப், ஸ்டால் என்று ஏறக்குறைய பதினைந்து பெயர்கள்தான் புழக்கத்தில் உண்டு. சூத்திரம் சொல்வது இதுதான்: ஒரே பெயர்க் கல்யாணங்களின் விகிதத்தை நான்கால் வகுத்தால் அந்தச் சமூகத்தின் உள்ளுறவு அளவு கிடைக்கும், அதாவது ஒரு குழந்தைக்கு அப்பா, அம்மா இருவர் வழியிலும் ஒரே மூதாதையின் அதே மரபணு வந்து சேரும் வாய்ப்பு.

ஏன் நான்கு? ஆங்கிலத்தில் எல்லோரையும் ஒரே சொல்லால் 'கசின்' என்று முடித்துவிடுவார்கள். நாம் முறை பார்த்துப் பிரிப்பவர்கள். பெரியப்பா சித்தப்பா மகள், அத்தை மகள், மாமன் மகள், பெரியம்மா சித்தி மகள் என்று நான்கு வகை. அமெரிக்க முறையில் இந்த நால்வரில் யாருக்கு உங்கள் குடும்பப் பெயர் இருக்கும்? பெரியப்பா சித்தப்பா மகளுக்கு மட்டும்தான். நமக்குத் தங்கை முறை, கட்டவே கூடாதவர். நாம் முறைப்பெண் என்று சொல்லும் இருவருக்கும் வேறு பெயர்தான் இருக்கும். ஆகப் பெயர் பொருந்தும் ஒரு கல்யாணத்துக்குப் பெயர் பொருந்தாத மூன்று சொந்தக் கல்யாணம் மறைந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த முறையைத் தொடங்கிவைத்த ஜார்ஜின் அப்பா சார்ல்ஸ் டார்வினே மாமன் மகளைக் கட்டியவர். அம்மா வெட்ஜ்வுட் குடும்பம், மனைவி எம்மாவும் வெட்ஜ்வுட். மணமகன் டார்வின், மணமகள் வெட்ஜ்வுட் என்று பதிவேட்டில் பார்ப்பவருக்குச் சொந்தமே தெரியாது. தமிழ்நாட்டில் எல்லோருக்கும் அமெரிக்கப் பாணிக் குடும்பப் பெயர் இருந்து, யாராவது இந்தச் சூத்திரத்தைப் போட்டிருந்தால், உறவில் கல்யாணமே கிடையாது என்று விடை வந்திருக்கும்.

சூத்திரத்துக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: ஒவ்வொரு பெயரும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க வேண்டும். இதை மறந்து ஜீஸ் பெண்டுக்குப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று பாருங்கள். உதாரணத்துக்கு, கல்யாணங்களில் பாதி பெட்வே-பெட்வே என்று வைத்துக்கொள்வோம். பாதியை நான்கால் வகுத்தால் எட்டில் ஒன்று. அது அக்கா மகளைக் கட்டியவருக்குப் பிறக்கும் குழந்தையின் அளவு. அதாவது ஊரே அக்கா மகளைக் கட்டியதாகக் கணக்கு சொல்லும். ஒரு தோட்டக்காரரின் சொத்துக் கணக்கை எடுத்து அந்த மக்களின் படுக்கையறைக்குச் சாட்சியாக நிறுத்துவது போன்றது அது. எனக்கு இந்த விஷயத்தில் கோபமே வரும், ஏனென்றால் இணையத்தில் இந்த ஊரைப் பற்றியும் கென்டக்கி மலைக் கிராமங்களைப் பற்றியும் எழுதப்படும் கேலிகள் அத்தனையும் இந்தத் தப்புக் கணக்கின் மேல் நிற்பவை.

கென்டக்கி என்றதும் நீல நிற மனிதர்கள் நினைவுக்கு வருவார்கள். அதையும் கேட்பீர்கள் என்று தெரியும். ட்ரபிள்சம் க்ரீக் என்ற ஓடைக் கரையில் 1820 வாக்கில் குடியேறிய மார்ட்டின் ஃபியூகேட்டின் சந்ததியில் சிலருக்கு உடம்பே நீலமாக இருந்தது. அவர் பிரான்சிலிருந்து வந்த அநாதை என்பது செவிவழிக் கதை. நான் அதன் மேல் பாரம் வைக்கமாட்டேன். மருத்துவப் பகுதி உறுதியானது. ரத்தத்தின் சிவப்பணுக்களில் ஒரு நொதி குறைவதால் ஆக்சிஜனைச் சுமக்காத மெத்ஹீமோகுளோபின் தேங்கி, தோல் நீலமாகத் தெரிகிறது. 1960-களில் மேடிசன் காவைன் என்ற ரத்தவியல் மருத்துவர், ரூத் பெண்டர்கிராஸ் என்ற செவிலியரின் துணையோடு மலையேறிப் போய் இவர்களைக் கண்டுபிடித்து, மெத்திலீன் நீலம் என்ற மருந்தை ஊசியில் ஏற்றினார். நீலச் சாயத்தை ஏற்றினால் நீலம் போகும் என்பதை நோயாளிகள் எப்படி நம்புவார்கள்? சில நிமிடங்களில் தோல் இளஞ்சிவப்பானது. பெரிய உடல் தொந்தரவு எதுவும் இல்லாமல் பலர் முதுமை வரை வாழ்ந்திருக்கிறார்கள். இந்தக் குறைக்கு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒரே மரபணு மாற்றம் வர வேண்டும். ஃபியூகேட்டின் மனைவி சொந்தம் இல்லை. அவரிடமும் அதே மாற்றம் இருந்தது அசாதாரணமான தற்செயல். அடுத்தடுத்த தலைமுறையில் சாலை இல்லாத பள்ளத்தாக்கில் சுற்றியிருந்த சில வீடுகளுக்குள்ளேயே கல்யாணம் நடந்தபோது அது மேலே வந்தது.

பெயருக்கும் மரபணுவுக்கும் உள்ள பிரிவை இன்னும் தெளிவாகக் காட்டுபவர்கள் பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் கவுண்டியில் வாழும், பழைய வாழ்க்கை முறையை விடாத ஆமிஷ் என்ற கிறிஸ்தவக் குழுவினர். அங்கே ஏறக்குறைய நான்கில் ஒரு ஆமிஷ் குடும்பம் ஸ்டோல்ட்ஸ்ஃபஸ். அத்தனை பேரும் 1766-இல் கப்பலேறி வந்த நிக்கோலஸ் ஸ்டோல்ட்ஸ்ஃபஸின் வழி. பெயரும் ரத்தமும் இணைந்த இடம்தான். ஆனால் 1964-இல் விக்டர் மெக்யூசிக் என்ற மரபியலாளர் அங்கே எல்லிஸ் வான் கிரெவெல்ட் என்ற நோயை, அதாவது குட்டை உடலும் ஆறு விரலுமாகப் பிறக்கும் குறையை, ஆராய்ந்தபோது கோடுகள் எல்லாம் 1744-இல் வந்த சாமுவேல் கிங் தம்பதியிடம் போய் முடிந்தன. பாதிக்கப்பட்ட குழந்தைகள் எல்லோரும் 'கிங்' இல்லை. மகள்கள் வழியாக மரபணு வேறு வேறு பெயர்களுக்குள் போய்விட்டது. ஒன்றுவிட்ட சகோதர உறவில் கட்டுவதை ஆமிஷ் சபையும் தடுக்கிறது, பென்சில்வேனியா சட்டமும் தடுக்கிறது. இருந்தும் நோய் வந்தது. காரணம், சுமார் 200 பேரில் தொடங்கிய சமூகத்தில் எட்டுப் பத்துத் தலைமுறைக்குப் பிறகு 'சொந்தம் இல்லாதவர்' என்று ஒருவர் கிடைக்கமாட்டார். டாஞ்சியர் தீவிலும் அப்படித்தான்: 1960 வாக்கில் ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்கு டான்சில் ஆரஞ்சு நிறத்தில் வீங்கியிருந்தது. டொனால்ட் ஃபிரெட்ரிக்சன் என்ற மருத்துவர் ஆராய்ந்து, ரத்தத்தில் நல்ல கொழுப்பு என்று சொல்லும் எச்.டி.எல். அவனுக்கு இல்லவே இல்லை என்று கண்டார். நோய்க்குத் தீவின் பெயரே நிலைத்தது. 1999-இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்த மரபணு இன்று உலகமெங்கும் இதய நோய் ஆராய்ச்சியில் பேசப்படுகிறது.

பெயரே ஆபத்தான ஊர்களும் உண்டு. வர்ஜீனியாவில் 1924-இல் இனத் தூய்மைச் சட்டம் என்று ஒன்று வந்தது. பிறப்பு, இறப்புப் பதிவுத் தலைவராக 1912 முதல் 1946 வரை இருந்த வால்டர் ப்ளெக்கர், மாநிலத்தில் செவ்விந்தியர் என்று யாரும் மிச்சமில்லை, அப்படிச் சொல்பவர்கள் எல்லாம் கலப்பினத்தவர் என்ற முடிவோடு இருந்தவர். 1943 ஜனவரியில் அவர் உள்ளூர்ப் பதிவாளர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் கவுண்டி வாரியாகக் குடும்பப் பெயர்ப் பட்டியல் இருந்தது. ஆம்ஹெர்ஸ்ட் கவுண்டியா, பிரான்ஹாம், ஜான்ஸ். லீ கவுண்டியா, காலின்ஸ், கிப்சன், கோயின்ஸ், மல்லின்ஸ். இந்தப் பெயரோடு யார் வந்தாலும் வெள்ளையர் என்றோ செவ்விந்தியர் என்றோ எழுதாதே என்பது உத்தரவு. வெள்ளையர் வேறு இனத்தவரைக் கட்டக் கூடாது என்ற அந்தச் சட்டத்தின் பகுதியை உச்ச நீதிமன்றம் 1967-இல் ரத்து செய்தது. ஆனால் திருத்தி எழுதப்பட்ட சான்றிதழ்களால், தாங்கள் யார் என்று காகிதத்தில் நிரூபிக்க முடியாமல் மோனகன் உள்ளிட்ட ஆறு பழங்குடிகள் 2018 வரை காத்திருந்து, நாடாளுமன்றச் சட்டம் மூலமாகத்தான் மத்திய அங்கீகாரம் பெற்றார்கள். வட கரோலினாவின் ராப்சன் கவுண்டியில் லம்பி என்ற செவ்விந்திய மக்களிடம் இதே விஷயம் தலைகீழாக இருக்கிறது. லாக்லியர், ஆக்ஸண்டைன், லோரி, சேவிஸ் என்ற பெயர்கள்தான் அவர்களுக்கு அடையாள அட்டை. புதிதாக ஒரு இளைஞரைப் பார்த்தால் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, நம் ஊரில் கேட்பது போலவே, 'நீ யார் வீட்டுப் பிள்ளை?'

உடல்நலக் கவலைக்கு நேரடிப் பதிலும் சொல்லிவிடுகிறேன். எந்தத் தம்பதிக்கும் குழந்தை குறிப்பிடத்தக்க பிறவிக் குறையோடு பிறக்க ஏறக்குறைய 3 சதவீத வாய்ப்பு உண்டு. ஒன்றுவிட்ட சொந்தத்தில் கட்டியவர்களுக்கு அதன் மேல் கூடுதலாக 1.7 முதல் 2.8 சதவீதம் என்று அமெரிக்க மரபியல் ஆலோசகர் சங்கம் 2002-இல் தொகுத்துச் சொன்னது. இது பொதுச் சராசரிதான். ஒரு குறிப்பிட்ட மாற்றம் ஏற்கெனவே சுற்றிவரும் சமூகத்தில் அந்த ஒரு நோய்க்கு மட்டும் வாய்ப்பு பல மடங்கு கூடும், மற்ற நோய்களுக்குக் கூடாது. பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்க் என்ற சிற்றூரில் 1989-இல் ஹோம்ஸ் மார்டன் என்ற மருத்துவர் ஆமிஷ் குழந்தைகளுக்காகவும் மெனனைட் என்ற இன்னொரு கிறிஸ்தவக் குழுவின் குழந்தைகளுக்காகவும் தொடங்கிய மருத்துவமனை இதை வைத்துத்தான் சாதித்தது. எந்த மாற்றம் அந்தச் சமூகத்தில் உண்டு என்று முன்கூட்டியே தெரிந்தால், பிறந்த குழந்தைக்குச் சோதனை செய்து, மூளை பாதிக்கும் முன்னே உணவைக் கட்டுப்படுத்திக் காப்பாற்றலாம். அதனால் என்னிடம் வருபவர்களிடம் குடும்பப் பெயரைவிட இரண்டு பாட்டிகளின் பிறந்த ஊரைத்தான் முதலில் கேட்கிறேன்.

எல்லோருக்கும் ஒரே பெயர் என்றால் கூப்பிடுவது எப்படி என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பட்டப்பெயர்தான். ஆமிஷ் ஊரில் ஒரே பெயரில் பலர் இருப்பதால் அப்பா பெயரையோ, தொழிலையோ, எப்போதோ செய்த ஒரு கூத்தையோ சேர்த்துச் சொல்வார்கள். காப்பியில் பாலேடு என்று நினைத்துக் குழம்பை ஊற்றிய ஒருவர் ஆயுள் முழுக்க 'கிரேவி டான்' ஆக இருந்தார் என்று சொல்வார்கள். டாஞ்சியர் தீவின் மேயராகப் பல ஆண்டுகள் இருந்த ஜேம்ஸ் எஸ்க்ரிட்ஜை ஊரில் எல்லோரும் கூப்பிடுவது 'ஊக்கர்' என்றுதான். சிறுவயதில் சேவல் மாதிரி கூவிப் பார்த்ததால் வந்த பெயராம்.